தைராய்டு ஆபரேஷன் முடிந்த இரவு: அம்மாவை ஏன் எழுப்புகிறார்கள்?

கேள்வி: என் அம்மாவுக்கு அடுத்த வாரம் தைராய்டை முழுவதும் எடுக்கப்போகிறார்கள். அத்தைக்கு இதே ஆபரேஷன் நடந்தபோது, ராத்திரியெல்லாம் நர்ஸ் எழுப்பிப் பேசச் சொல்லிக்கொண்டே இருந்தார். மானிட்டர்தான் இருக்கிறதே, இது தேவையா? கூட இருக்கும் நான் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில் (அறுவை சிகிச்சை வார்டு மூத்த செவிலியர்):

தேவைதான். அன்றைக்குத் தூக்கம் கெட்டாலும் பரவாயில்லை.

இந்த ஆபரேஷனுக்குப் பிறகு நாங்கள் அதிகம் பயப்படுவது கழுத்துக்குள் ரத்தம் தேங்குவதற்குத்தான். நூறு பேரில் ஒன்றிரண்டு பேருக்கு வரும். பெரும்பாலும் முதல் 6 மணி நேரத்தில், இல்லாவிட்டால் 24 மணி நேரத்துக்குள். கழுத்தில் இடம் மிகக் குறைவு. தேங்கிய ரத்தம் அங்குள்ள சிரைகளை அழுத்தும், குரல்வளை உள்ளே வீங்கும், மூச்சுப்பாதை குறுகும். இவ்வளவு நடந்தும் மானிட்டரில் ஆக்சிஜன் 98 என்றே காட்டிக்கொண்டிருக்கும். அது இறங்கும்போது நேரம் கைமீறிப் போயிருக்கும்.

ஒரு அம்மாவை என்னால் மறக்க முடியாது. ராத்திரி பத்தரை மணி. பல்ஸ் கொஞ்சம் கூடியிருந்தது, பிபி சரியாக இருந்தது. அவர் மட்டும் படுக்க முடியாமல் எழுந்து எழுந்து உட்கார்ந்தார். “கழுத்துல துணியைச் சுத்தி இறுக்குற மாதிரி இருக்கு சிஸ்டர்” என்றார். டிரெஸ்ஸிங் காய்ந்தே இருந்தது, கசியும் ரத்தத்தை வெளியே எடுக்க வைத்த டிரெயின் குழாயிலும் அதிகம் வரவில்லை. ரத்தம் உறைந்து குழாய் அடைத்துக்கொண்டால் அப்படித்தான் இருக்கும். ஆனால் சாயங்காலம் பார்த்த கழுத்து மடிப்பைக் காணோம், தோல் விறைத்திருந்தது. டியூட்டி டாக்டர் ஓடி வந்து கட்டிலிலேயே தையலைப் பிரித்தார். பிறகு தியேட்டருக்குக் கொண்டுபோய், கசிந்த ரத்தக்குழாயைக் கட்டினார்கள். தையல் பிரிக்கும் செட் கட்டில் பக்கத்திலேயே இருப்பது இதற்காகத்தான்.

பேசச் சொல்வது குரலைக் கேட்க. மயக்கத்துக்குப் போட்ட குழாயால் லேசான கரகரப்பு இருக்கலாம். ஒரு மணி நேரத்துக்கு முன் இருந்த குரல் இப்போது மாறியிருந்தால் அது வேறு விஷயம். பிடரிக்குக் கீழே கைவிட்டுப் பார்ப்பதும் வழக்கம். மல்லாந்து படுத்திருப்பவருக்கு வெளியே கசியும் ரத்தம் பின்பக்கமாக வழிந்துவிடும்.

நீங்கள் செய்ய வேண்டியது: கழுத்தைப் போர்வையால் மூடாதீர்கள், எங்கள் கண்ணில் பட வேண்டும். எச்சில் விழுங்க முடியவில்லை, இறுக்குகிறது, மூச்சில் விசில் மாதிரி சத்தம், காரணமில்லாத பதற்றம் — இதில் எது வந்தாலும் உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள். “இப்பத்தானே பார்த்துட்டுப் போனாங்க” என்று தயங்கவே கூடாது. பதற்றத்தைப் பயம் என்று நினைத்து நீங்களாகத் தூக்க மாத்திரை கொடுக்கவும் கூடாது.

அடுத்த 2, 3 நாட்கள் கால்சியம் இறங்கலாம். ரத்தத்தில் கால்சியம் அளவைக் காக்கும், தைராய்டை ஒட்டிய பாராதைராய்டு சுரப்பிகள் ஆபரேஷனில் அடிபட்டால் இப்படி ஆகும். உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மரமரப்பு, கை கால் இழுப்பு வரும். அதற்குள் வீட்டுக்கு வந்திருந்தாலும் அசதி என்று விட்டுவிடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். விரல்கள் இழுத்துக்கொண்டால் ராத்திரியானாலும் கிளம்புங்கள்.

கால்சியம் மாத்திரை எழுதிக்கொடுத்தால், காலையில் போடும் தைராக்ஸினுக்கும் (எடுத்த தைராய்டுக்குப் பதிலாகத் தரும் ஹார்மோன் மாத்திரை) அதற்கும் 4 மணி நேர இடைவெளி விடுங்கள். சேர்த்துப் போட்டால் தைராக்ஸின் உடம்பில் சரியாகச் சேராது.