காப்பிக்கொட்டை வறுக்கும் கருவிகள்: வாசகர் கேள்விகள்

கேள்வி: பச்சைக் காப்பிக்கொட்டையை வீட்டிலேயே வறுக்க ஆசை. வாணலி, மின்சார அவன், பாப்கார்ன் மெஷின் மூன்றும் இருக்கின்றன. எதில் தொடங்கலாம்?

பதில்: பாப்கார்ன் மெஷினில். ஆனால் முதலில் அதன் கிண்ணத்துக்குள் எட்டிப் பாருங்கள். பக்கச் சுவரில் உள்ள பிளவுகள் வழியாகச் சூடான காற்று வந்தால் கொட்டை சுழலும், அதுதான் வேண்டும். அடியில் கம்பி வலை இருந்தால் அந்த மெஷின் வேண்டாம். கொட்டையிலிருந்து உரியும் மெல்லிய உமி வலை வழியே இறங்கி, ஹீட்டர் காயிலைத் தொட்டால் தீப்பிடித்துவிடும்.

80 கிராம் போட்டுத் தொடங்குங்கள். வாணலியில் கை ஓயாமல் கிளறினாலும் நிறம் சீராக வராது, கொட்டையின் ஒரு பக்கம் மட்டுமே சூட்டைத் தொடுகிறது. அவனில் காற்றோட்டம் போதாது.

கேள்வி: என் பாப்கார்ன் மெஷினில் நான்கே நிமிடத்தில் கொட்டை கறுத்துவிடுகிறது. உடைத்துப் பார்த்தால் உள்ளே வெளிர் நிறம், காப்பியில் புளிப்பு. மின்விசிறிக்குப் போடும் ரெகுலேட்டரை வயரில் இணைத்துப் பார்த்தேன், இன்னும் மோசம். என்ன மாற்ற வேண்டும்?

பதில்: ரெகுலேட்டர் ஏன் உதவவில்லை என்பதில்தான் விடை இருக்கிறது. இந்த மெஷின்கள் பலவற்றில் இரண்டு காயில்கள் உண்டு. பெரியது நேரடியாக மின்சாரத்தில் இயங்கும். சிறியது மோட்டாருடன் தொடராக இணைந்து, வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும். நான்கு டையோடுகள் அதை நேர்மின்சாரமாக மாற்றும். வயரிலேயே குறைத்தால் சூடும் காற்றும் சேர்ந்தே குறைகின்றன. காற்று தளர்ந்ததும் கொட்டை அடியில் தேங்கிக் கருகுகிறது.

ஆகவே இரண்டையும் பிரியுங்கள். மற்ற எந்த மாற்றத்தையும்விட இது ஒன்றே அதிகப் பலன் தரும்.

பிளக்கைக் கழற்றிவிட்டு மெஷினைத் திறந்து, வயர்கள் இருக்கும் நிலையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டாரைப் பழைய சுற்றிலிருந்து, டையோடுகள் உட்பட, முழுவதுமாகத் துண்டித்து, 12 முதல் 24 வோல்ட் வரை கூட்டிக் குறைக்கக்கூடிய, 5 ஆம்பியர் தாங்கும் தனி அடாப்டரில் இணையுங்கள். பழைய சுற்றில் மோட்டாரே வீட்டு மின்சாரத்தோடு தொடர்பில் இருந்தது. எனவே அடாப்டர் பக்கத்துக்கும் ஹீட்டர் பக்கத்துக்கும் இடையே எந்த இணைப்பும் மிச்சமில்லை என்பதை மல்டிமீட்டரில் உறுதி செய்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். பிளஸ் மைனஸ் மாறினால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும், காற்று பலமாக வராது.

சிறிய காயிலை அப்படியே தனியாக விட்டுவிடுங்கள்.  80 கிராமுக்குப் பெரிய காயில் மட்டுமே பெரும்பாலும் போதும்.

பெரிய காயிலைச் சாலிட் ஸ்டேட் ரிலே (அசையும் பாகம் இல்லாத மின்னணு ஸ்விட்ச்) வழியாகக் கட்டுப்படுத்துங்கள். 5 ஆம்பியர் இழுக்கும் ஹீட்டருக்கு 25 ஆம்பியர் ரிலே, கூடவே அதன் சூட்டை வெளியேற்றும் அலுமினிய ஹீட் சிங்க். இந்த ரிலே பழுதானால் பெரும்பாலும் ‘ஆன்’ நிலையிலேயே நின்றுவிடும். அதனால் ஹீட்டருக்கென்று கைக்கெட்டும் இடத்தில் தனி ஸ்விட்ச் கட்டாயம். காற்று ஓடாமல் ஹீட்டர் ஒருபோதும் ஓடக் கூடாது. உலோகக் கிண்ணத்துக்கு எர்த் கொடுங்கள். வயரிங் பழக்கமில்லை என்றால் எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள், இதில் துணிச்சல் வேண்டாம்.

பச்சைக் கொட்டை கனமானது, தொடக்கத்தில் காற்று வேகமாக வேண்டும். ஈரம் போய்க் கொட்டை உப்பி எடை குறைந்ததும் படிப்படியாகக் காற்றைக் குறையுங்கள். குறைக்கும்போது காயிலைக் கடக்கும் காற்று அதிகம் சூடேறும் என்பதை நினைவில் வையுங்கள். 3-4 நிமிடத்தில் மஞ்சள் நிறம், 7-8 நிமிடத்தில் முதல் வெடிப்பு (கொட்டை சத்தத்தோடு வெடிக்கத் தொடங்கும் கட்டம்), அதன்பின் ஒன்றரை நிமிடத்தில் நிறுத்தம்: இந்தக் கணக்கில் உள்ளும் புறமும் ஒத்துவரும்.

நீளமான எக்ஸ்டென்ஷன் வயரையும் தவிர்க்கவும். வோல்டேஜ் 10 சதவீதம் இறங்கினாலே ஹீட்டரின் வெப்பம் 19 சதவீதம் குறைந்துவிடும்.

கேள்வி: பாதி வறுவலில் ஹீட்டர் தானாக அணைந்துவிடுகிறது. உள்ளே இருக்கும் தெர்மோஸ்டாட்டை எடுத்துவிடலாமா?

பதில்: முதலில் காற்று வரும் வழியில் உமி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்; பாதிப் புகார்கள் அங்கேயே தீரும். அடைப்பு இல்லையென்றால், இன்னும் சற்று உயர்ந்த வெப்பத்தில் துண்டிக்கும் தெர்மோஸ்டாட்டை மாற்றிப் போடலாம். அதனுடன் உள்ள தெர்மல் ஃபியூஸை (சூடு மிஞ்சினால் மின்சாரத்தை நிரந்தரமாகத் துண்டிக்கும் ஃபியூஸ்) மட்டும் எடுக்காதீர்கள். மோட்டார் நின்றுபோகும் நாளில் வீட்டைக் காப்பது அதுதான். இணைப்புகளைச் சால்டர் செய்ய வேண்டாம்: சாதாரண ஈய சால்டர் 190 டிகிரிக்குள் உருகிவிடும். கிரிம்ப் செய்து (உலோக இணைப்பியில் வயரை நசுக்கிப் பொருத்தி), கண்ணாடியிழை உறை போடுங்கள்.

கேள்வி: கொட்டையின் சூட்டை அளக்கத் தெர்மோகப்பிள் (கம்பி வடிவ வெப்ப உணரி) வைத்தேன். முதல் வெடிப்பு 200 டிகிரியை ஒட்டி வரும் என்கிறார்கள், எனக்கு 185-லேயே கேட்கிறது. கருவி பழுதா?

பதில்: பழுதாக இருக்க வேண்டியதில்லை. முதல் வெடிப்பு 196 முதல் 205 டிகிரிக்குள் என்பது பொதுக் கணக்கு. தெர்மோகப்பிளின் முனை எங்கே இருக்கிறது, எவ்வளவு தடிமன் என்பதைப் பொறுத்து எண் மாறும். அதன் உறைக்குழாய் தடித்ததாக இருந்தால் மெதுவாகச் சூடேறுவதால் வேகமான வறுவலில் பின்தங்கியே காட்டும். 3 மி.மீ. அல்லது அதைவிட மெல்லிய கே வகை (K-type) தெர்மோகப்பிளை வாங்கி, முனை சுழலும் கொட்டைக்குள் 2-3 செ.மீ. மூழ்கும்படியும், சுவரைத் தொடாமலும், காற்றுப் பிளவுக்கு நேரே இல்லாமலும் பொருத்துங்கள். நீட்டிக்கும் வயரும் கே வகையாகவே இருக்கட்டும். செம்பு வயர் தவறான அளவு தரும். சூடேற்றும்போது எண் இறங்கினால் வயரின் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. பிறகு எண் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வந்தால் போதும், 185 உங்கள் மெஷினின் முதல் வெடிப்பு.

கேள்வி: கொட்டையை உள்ளே போட்டுச் சுழற்றி வறுக்க 15 செ.மீ. விட்டமுள்ள உருளை செய்கிறேன். எவ்வளவு வேகத்தில் சுற்ற வேண்டும்?

பதில்: மீட்டரில் விட்டத்தின் வர்க்கமூலத்தால் 42.3-ஐ வகுத்தால், கொட்டை சுவரோடு ஒட்டிக்கொண்டு சுற்றும் வேகம் கிடைக்கும். உங்களுக்கு அது நிமிடத்துக்கு 109 சுற்று. அதில் பாதியைச் சற்றுத் தாண்டி, 55-65 சுற்றில் வையுங்கள். உள்ளே 2 செ.மீ. உயரத்தில் தகடுகள் பற்றவைத்தால் கொட்டை நன்றாகப் புரளும்.

கேள்வி: வறுத்ததை எப்படி ஆற்றுவது?

பதில்: நான்கு நிமிடத்துக்குள் கைச்சூட்டுக்கு வர வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே வறுபடுவது தொடரும். மேசை மின்விசிறியை மல்லாக்க வைத்து, அதற்கு மேலே தாங்கியில் பெரிய சல்லடையை வைத்துக் கிளறுங்கள். உமி பறக்கும், வெளியில் செய்யுங்கள்.