ஒரே பக்கம் கால் போட்டுக் குதிரையேறலாமா?

கேள்வி: தோழிகள் சிலர் சேர்ந்து, இரண்டு காலையும் இடப்பக்கமே போட்டுக் குதிரை ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறோம். சாதாரணமாக ஓட்டத் தெரியும். இதில் வழுக்கி விழுந்துவிட மாட்டோமா?

பதில்: பார்க்கத்தான் அப்படித் தெரியும். பைக்கின் பின்சீட்டில் ஒருபக்கமாக உட்காருவது போல என்று நினைத்துப் போகாதீர்கள். இதில் இடுப்பு, தோள், முகம் எல்லாம் நேராக முன்னால் பார்த்துத்தான் இருக்க வேண்டும். இதற்கென்று உள்ள சேணத்தில் இரண்டு கொம்புகள் இருக்கும். மேல் கொம்பின்மேல் வலது தொடையைப் போட்டுக் காலை முன்பக்கம் தொங்கவிட வேண்டும், கீழே வளைந்திருப்பது இடது தொடைக்கு மேல் வரும். இந்தக் கீழ்க்கொம்பு 1830கள் வாக்கில்தான் வந்தது, அதற்கப்புறம்தான் பெண்கள் தைரியமாகத் தாண்டவும் பாய்ந்தோடவும் முடிந்தது. குதிரை மிரண்டால் இரண்டு தொடையையும் கொம்புகளோடு இறுக்கிக்கொள்ளுங்கள், லேசில் விழமாட்டீர்கள்.

முதல்நாள் எல்லோருக்கும் உடம்பு இடப்பக்கம் சாயும். கால் வைக்கும் வளையமான அங்கவடியில் இடது காலை ஊன்றி அழுத்த அழுத்தச் சேணமும் அந்தப் பக்கமே இழுபடும், குதிரையின் முதுகுதான் பாவம். எடை வலது தொடையில் இருக்கட்டும், வலது தோளைக் கொஞ்சம் பின்னால் வையுங்கள். ஒருத்தி ஓட்டும்போது இன்னொருத்தி பின்னால் நின்று சேணம் நடுவில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லலாம், தோழிகளோடு போவதில் அது ஒரு வசதி.

வலப்பக்கம் கால் இல்லாததால் அங்கே குச்சியால் தொட்டுத்தான் குதிரைக்குச் சொல்ல வேண்டும். அது பழகிய குதிரையா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். அப்புறம், ட்ராட் எனும் குலுக்கலான மெல்லோட்டத்தைவிட, கேன்டர் எனும் இன்னும் வேகமான ஓட்டம் சுகமாகவே இருக்கும், ஆனால் முதல்நாள் நடையோடு நிறுத்திக்கொள்வதே சரி.