பூஜ்யத்தில் பாதி

அன்புள்ள சார்,

அமெரிக்காவில், வாஷிங்டன் மாநிலத்து இஸக்வாவில் இருக்கிறேன். நான்காம் வகுப்பு படிக்கும் மகளை இங்குள்ள சால்மன் மீன்குஞ்சுப் பண்ணைக்கு அழைத்துப் போயிருந்தேன். நிஸ்குவாலி பழங்குடித் தலைவர் பில்லி ஃப்ராங்க் ஜூனியரைப் பற்றி அவள் பள்ளியில் பேச வேண்டும். “ஆயுசு முழுக்க சால்மனை வலைபோட்டுப் பிடிச்சவரை ஏம்பா சால்மனைக் காப்பாத்தினவர்னு சொல்றாங்க?” என்கிறாள். எனக்கும் அதே குழப்பம்தான். பத்து வருடம் மீன்பிடிப்பையே தடை செய்தால் போதாதா? பண்ணையில்தான் இத்தனை குஞ்சு பொரிக்கிறார்களே? அவளுக்கு நான் என்ன சொல்ல?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் மகளின் கேள்வி அருமையானது. உங்களுடையவை சோம்பேறிக் கேள்விகள்.

நீங்கள் பார்த்த பண்ணை 1936-இல் கட்டியது. உங்கள் பக்கத்துக் கடற்கழியான பியூஜெட் சவுண்டின் சினூக் வகை சால்மன் ஆபத்திலிருக்கும் இனம் என்று அமெரிக்க அரசு அறிவித்தது 1999-இல். இடையில் இத்தனை வருடம் குஞ்சு விட்டும் ஏன் இந்த நிலை என்று அங்கேயே கேட்டிருக்கலாம்.

தடையா? 1945-இல் நிஸ்குவாலி ஆற்றில் வலை எடுத்துக்கொண்டிருந்த 14 வயதுப் பையனை அதிகாரிகள் பிடித்தார்கள். “நான் இங்கேதான் குடியிருக்கிறேன்” என்று கத்தினானாம். அவன்தான் பில்லி. அப்புறம் ஐம்பது தடவைக்கு மேல் கைது. 1854-இல் அவன் இனத்தாரிடம் நிலத்தை எழுதி வாங்கிக்கொண்டு, ‘வழக்கமான இடங்களில் மீன் பிடித்துக்கொள்ளுங்கள்’ என்று ஒப்பந்தம் போட்டது அமெரிக்க அரசு. அதை நம்பி வலை போட்டவனுக்கு விலங்கு. ஆற்றின் குறுக்கே அணை கட்டியவரையும், கரையோர மரத்தை மொட்டையடித்தவரையும் யாரும் கேட்கவில்லை.

1974-இல் நீதிபதி ஜார்ஜ் போல்ட், பிடிக்கத்தக்க மீனில் பாதி பழங்குடிகளுக்கு என்று தீர்ப்புச் சொன்னார். வேறொருவர் என்றால் மாலையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார். பூஜ்யத்தில் பாதி பூஜ்யம்தான் என்று பில்லிக்குத் தெரிந்திருந்தது. தன்னைச் சிறைக்கு அனுப்பிய மாநில அரசோடும் மரக் கம்பெனிகளோடும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசினார். காட்டையும் மீனையும் சேர்த்துக் காப்பதற்கான உடன்படிக்கை 1987-இல் வந்தது. இத்தனைக்கும், தான் கொள்கை பேசும் ஆள் இல்லை, கைதாகிற ஆள் என்று சொல்லிக்கொண்டவர்.

சரி, இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு குழாய். உங்கள் பக்கம் வந்திருந்தபோது நண்பர் ஒருவர் காரை ஓரங்கட்டி ஓர் ஓடையைக் காட்டினார். ரோட்டுக்கு அடியில் நெளிதகரக் குழாய். தண்ணீர் விழுந்து விழுந்து கீழே பள்ளம் பறித்திருந்ததால் குழாயின் வாய் இடுப்பளவு உயரத்தில் நின்றது. கோஹோ சால்மன் ஒன்று, உடம்பெல்லாம் சிவந்து, மூக்கு கொக்கியாக வளைந்து, பள்ளத்திலிருந்து எம்பியது. தகர விளிம்பில் மோதி விழுந்தது. மறுபடி எம்பியது. கடலில் கிடைத்ததைத் தின்று, கடல்நாய்க்குத் தப்பி, ஆறு ஏறி வந்த மீன். குழாய்க்கு மேலே முட்டையிடக் கூழாங்கல் படுகை இருக்கிறது என்றார் நண்பர். எனக்குக் கெட்ட வார்த்தைதான் வந்தது.

அங்கே வலை இல்லை, தூண்டில் இல்லை. அந்தக் குழாயைப் போட்ட இன்ஜினியர் மீனைத் தொட்டதுகூட இருக்காது. உங்கள் பத்து வருடத் தடை அவரை என்ன செய்யும் சொல்லுங்கள்? கண்ணுக்குத் தெரிகிறவன் மீன்காரன், அதனால் அவனைப் பிடித்து உள்ளே போடுவது சுலபம். மீன் குறைந்தால் முதலில் வயிறு காய்வதும் அவனுக்குத்தான், கோர்ட்டுக்குப் போகிறவனும் அவன்தான். இந்தக் குழாய்களை எதிர்த்து 2001-இல் 21 பழங்குடிகள் வழக்குப் போட்டார்கள். 2018-இல் உச்ச நீதிமன்றம் நாலுக்கு நாலு என்று பிரிந்ததால் கீழ்க்கோர்ட் உத்தரவு நின்றது. நூற்றுக்கணக்கான குழாய்களை மாநில அரசு தோண்டி எடுத்து, மீன் போக வழிவிட வேண்டும். பில்லி 2014-லேயே போய்விட்டார்.

மகளை அடுத்த முறை பண்ணைக்கு வேண்டாம், மீன் ஏறும் காலத்தில் ஏதாவது ஒரு ஓடைக்கு அழைத்துப் போங்கள். ரோட்டடியில் குனிந்து பார்க்கட்டும். பேச்சை அவளே எழுதட்டும், நீங்கள் திருத்தாதீர்கள். எழுதியதும் எனக்கு ஒரு பிரதி அனுப்பச் சொல்லுங்கள்.