'பதிலுக்கு' என்றால் கூடாது

கேள்வி: மஃரிப் (சூரியன் மறைந்ததும் தொழும் தொழுகை) நேரத்தில் கோயில் திருவிழா ஊர்வலம் எங்கள் பள்ளிவாசல் முன்னால் நின்று பேண்டு அடித்தது. பதிலுக்கு, அவர்கள் பூசை நேரத்தில் நம் ஸ்பீக்கரைக் கோயில் பக்கம் திருப்பலாம் என்கிறார்கள் பிள்ளைகள். ஷரீஅத்தில் (இஸ்லாமியச் சட்டத்தில்) இடம் உண்டா?
- ஒரு வாசகர், ஆற்காடு

பதில்: இல்லை. நீங்கள் எழுதிய 'பதிலுக்கு' என்ற சொல்லைத்தான் ஷரீஅத் பிடித்து நிறுத்துகிறது. 'லா ளரர வலா ளிரார்' என்பது நபிமொழி. தீங்கு செய்வதும் கூடாது, பதில் தீங்கும் கூடாது. ஃபிக்ஹு (மார்க்கச் சட்ட) அறிஞர்களின் விதி இன்னும் நேரானது: ஒரு தீங்கை அதே போன்ற தீங்கால் நீக்கக்கூடாது. துருக்கியை ஆண்ட உஸ்மானியர்கள் 1876இல் முடித்த 'மஜல்லா' சட்டத் தொகுப்பில் இது 25ஆவது பிரிவு. அர்ச்சனைத் தட்டோடு கோயிலில் நிற்கும் பக்கத்து வீட்டு அம்மாவா அன்று பேண்டு அடித்தார்? அவர் காதில் ஸ்பீக்கரை வைத்தால் உங்கள் தொழுகை திரும்பி வந்துவிடுமா?

சரி, சும்மா இருந்துவிடுவதா? அப்படியும் இல்லை. தீங்கு நீக்கப்பட வேண்டும் என்பதும் விதிதான். அதற்கு வழி ஸுல்ஹு, பேசி முடிப்பது. கி.பி. 628இல் மக்காவுக்குப் பக்கத்தில் ஹுதைபியாவில், நபி (ஸல்) அவர்களும் மக்கா தரப்பும் சமாதான ஒப்பந்தம் எழுதியபோது நடந்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் 'அல்லாஹ்வின் தூதர்' என்று எழுதியதை மக்கா தரப்பில் பேச வந்த ஸுஹைல் ஏற்கவில்லை. அதை அழிக்க, ஒப்பந்தத்தை எழுதிய அலீ (ரலி) அவர்களுக்குக் கை வரவில்லை. அந்த இடத்தைக் காட்டச் சொல்லி நபி (ஸல்) அவர்களே தம் கையால் அழித்தார்கள். உம்ரா என்ற மக்கா புனிதப் பயணத்துக்குக் கிளம்பி வந்த அத்தனை பேரும் அந்த வருடம் மக்காவுக்குள் போகாமலே திரும்பினார்கள். நம் தெருப் பேண்டு அதைவிடப் பெரிதா?

பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லியும் இரண்டு பெரியவர்களும் கோயில் தர்மகர்த்தாவைப் போய்ப் பாருங்கள். ஊர்வலம் எப்போது வரும், ஜமாஅத் (கூட்டுத்) தொழுகை எப்போது முடியும் என்று உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள். தாசில்தார் கூட்டும் அமைதிக் கூட்டத்தில் போடும் கையெழுத்தும் ஒப்பந்தம்தான். 'உடன்படிக்கைகளை நிறைவேற்றுங்கள்' என்ற குர்ஆன் வசனம் (5:1) அதற்கும் சேரும். பேண்டு அடித்த பையனும் உங்கள் பையனும் திங்கட்கிழமை ஒரே ஷூ கம்பெனி வேனில்தானே ராணிப்பேட்டைக்குப் போகவேண்டும்?

அப்புறம், இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பது எல்லோருக்கும் உள்ள சட்டம். விடியுமுன் ஃபஜ்ர் தொழுகைக்கு அழைக்கும் உங்கள் பாங்கு ஸ்பீக்கரைப் பற்றி தர்மகர்த்தா கேட்கலாம். கேட்டால் கோபப்படாமல், அதையும் அதே காகிதத்தில் எழுதுங்கள்.