ஆக்ஸிமீட்டர் 80 காட்டும் குழந்தையுடன் வீட்டில்

கேள்வி: என் மகனுக்கு இன்று 31 நாள். நுரையீரலுக்கு இரத்தம் செல்லும் வழியில் உள்ள வால்வு பிறவியிலேயே மூடியிருந்ததால், பிறந்த 9-ஆம் நாள் சென்னையில் ஷன்ட் அறுவை சிகிச்சை செய்தார்கள். நேற்று முன்தினம் திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ள எங்கள் ஊருக்கு அழைத்து வந்தோம். ஆக்ஸிமீட்டர் 79, 80 என்றே காட்டுகிறது. கொரோனா காலத்தில் 94-க்குக் கீழே போனாலே ஆபத்து என்று கேட்டுப் பழகிய என் மாமனார், அதைப் பார்க்கும்போதெல்லாம் ஆம்புலன்ஸை அழைக்கச் சொல்கிறார். மாமியாரோ தொட்டில் விழாவுக்கு நாள் பார்க்கிறார். நான் இரண்டு இரவாகத் தூங்கவில்லை. தூளியில் போடலாமா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் மாமனாரின் பயத்திலிருந்தே தொடங்குகிறேன். 94 என்ற கணக்கு, நல்ல இரத்தமும் கெட்ட இரத்தமும் தனித்தனியே ஓடும் இதயத்துக்கு உரியது. உங்கள் மகனுக்கு, கைக்குச் செல்லும் இரத்தக் குழாயிலிருந்து நுரையீரல் குழாய்க்கு ஒரு சிறு செயற்கைக் குழாயை இணைத்திருக்கிறார்கள்; ஷன்ட் என்பது அதுதான். இரு இரத்தமும் இதயத்துக்குள் கலந்தே உடலுக்குப் போவதால், இத்தகைய குழந்தைகளுக்குப் பெரும்பாலும் 75 முதல் 85 வரைதான் இருக்கும், இருக்கவும் வேண்டும். எண் தொடர்ந்து 90-க்கு மேல் நின்று, குழந்தை வேகமாக மூச்சு வாங்கினால் அதுவும் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தியே, ஏனெனில் நுரையீரலுக்கு அளவுக்கு மீறி இரத்தம் போகிறது என்று அதற்குப் பொருள் இருக்கலாம். டிஸ்சார்ஜ் சம்மரியில் உங்கள் மகனுக்கென்று ஓர் எல்லை எழுதியிருப்பார்கள். நான் சொல்வதைவிட அந்த எண்ணே செல்லும். அதைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டி, மாமனாரையே அதற்குப் பொறுப்பாளர் ஆக்கிவிடுங்கள். ஒன்றைச் சரிபாருங்கள்: பெரியவர்கள் விரலில் மாட்டும் கிளிப்பைக் குழந்தைக்கு நம்ப முடியாது, பாதத்தில் சுற்றும் சென்சார் உள்ள கருவியே வேண்டும்.

இந்தச் சிகிச்சை புதிதன்று என்பதையும் அவரிடம் சொல்லலாம். குழந்தை இதய மருத்துவர் ஹெலன் டௌசிக்கின் யோசனையில் பிறந்து, ஆய்வு உதவியாளர் விவியன் தாமஸ் ஆய்வுக்கூடத்தில் செய்து தேர்ந்த முறையை, 1944 நவம்பர் 29 அன்று பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அறுவை மருத்துவர் ஆல்ஃபிரட் பிளேலாக் முதன்முதலில் ஒரு குழந்தைக்குச் செய்தார்.

இனி நீங்கள் அன்றாடம் செய்ய வேண்டியது. ஒற்றை இதய அறையோடு பிறந்த குழந்தைகளை, இரு அறுவை சிகிச்சைகளுக்கு இடைப்பட்ட மாதங்களில் வீட்டிலேயே பெற்றோர் எப்படிக் கண்காணிப்பது என்பதை, அமெரிக்காவின் மில்வாக்கி நகர மருத்துவர்கள் 2000-ஆம் ஆண்டில் ஒரு முறையாக வகுத்தார்கள். அவர்கள் பெற்றோரிடம் கொடுத்தனுப்பியவை இரண்டே: ஓர் ஆக்ஸிமீட்டர், ஓர் எடைத் தராசு. ஆக்சிஜன் 70-க்குக் கீழே இறங்கினாலோ, எடை 30 கிராம் குறைந்தாலோ, 3 நாளில் 20 கிராம்கூட ஏறாவிட்டாலோ உடனே அழைக்க வேண்டும் என்பது அவர்கள் வைத்த விதி. ஆகவே தினமும் ஒரே நேரத்தில், துணியில்லாமல், பால் கொடுக்கும் முன் எடை பார்த்து நோட்டில் எழுதுங்கள். வாய்வழியே பால் குடிக்க 30 நிமிடத்துக்கு மேலாகிறது, நெற்றி வியர்க்கிறது, பாதியில் களைத்துத் தூங்கிவிடுகிறான் என்றால் அதையும் எழுதுங்கள். எடை குறைவதற்கு முன்பே வரும் அறிகுறி அது. அப்படிக் களைப்பவனுக்குப் பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது வயிற்றுப்போக்கையும் வாந்தியையும். உங்கள் மகனின் நுரையீரலுக்குச் செல்லும் இரத்தம், பெரும்பாலும் 3.5 மில்லிமீட்டர் அளவே விட்டமுள்ள அந்தக் குழாயை நம்பி இருக்கிறது; உடலில் நீர் வற்றினால் இரத்தம் தடித்து அது அடைத்துக்கொள்ளும். ஆஸ்பிரின் கொடுப்பதே அதைத் தடுக்கத்தான், எனவே ஒரு வேளையும் தவறக் கூடாது, மருத்துவர் சொல்லாமல் நிறுத்தவும் கூடாது. மற்றக் குழந்தைகளுக்கு ஓஆர்எஸ் கொடுத்துக் காலை வரை பார்க்கலாம். இவனுக்கு இரண்டு வேளை பால் உள்ளே போகாவிட்டாலே நள்ளிரவானாலும் கிளம்ப வேண்டும். 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலும் அப்படியே. எண் எல்லைக்குக் கீழே இறங்கி, கருவியைச் சரியாக மாட்டிய பின்னும் ஏறாவிட்டாலோ, சாம்பல் நிறமாக மாறினாலோ, எழுப்பினால் விழிக்காமல் துவண்டாலோ 108-ஐ அழையுங்கள். அழும்போது உதடு சற்று நீலமாவது எதிர்பார்க்கக்கூடியதே. அழுகை அடங்கியும் நிறம் திரும்பாததே அபாயம்.

அருகிலுள்ள மருத்துவமனையின் இரவுப் பணி மருத்துவர் இத்தகைய குழந்தையைப் பார்த்திராதவராக இருக்கலாம். நோயின் பெயர், அறுவை சிகிச்சை நடந்த தேதி, வழக்கமான ஆக்சிஜன் அளவு, மருந்துகள், சென்னை மருத்துவரின் தொலைபேசி எண் அனைத்தையும் ஒரே தாளில் எழுதிப் பையில் வையுங்கள். அடுத்த அறுவை சிகிச்சைக்காக, முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் பிறவிக் குறையுள்ள குழந்தைகளுக்கான அரசு மையமான மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையத்தில் பதிவையும் இப்போதே முடித்துவிடுங்கள். 45-ஆம் நாள் தடுப்பூசியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. அன்று பால் குடிப்பதையும் காய்ச்சலையும் மட்டும் கூடுதலாகக் கவனியுங்கள்.

வீட்டுப் பழக்கங்களில் சிலவற்றை நான் கண்டிப்பாக மறுக்கிறேன். உரம் விழுந்தது என்று துணியில் போட்டு உருட்டுவது, குளிப்பாட்டும்போது மூக்கில் ஊதுவது, சாம்பிராணிப் புகை காட்டுவது, உரை மருந்து புகட்டுவது ஆகியவை வேண்டாம். நெஞ்செலும்பைப் பிளந்து அறுவை செய்திருந்தால், 6 வாரம் வரை அக்குளில் கை கொடுத்துத் தூக்காமல், கழுத்துக்கும் இடுப்புக்கும் அடியில் கை கொடுத்தே எடுங்கள். கன்னத்தில் வைக்கும் திருஷ்டிப் பொட்டு உங்கள் மாமியாரின் உரிமை, அதை விட்டுவிடுங்கள்.

தொட்டில் விழாவை மட்டும் அவர் தள்ளிவைக்கத்தான் வேண்டும். ஒரு பெரியவருக்கு வந்த சாதாரணச் சளி, இவனை வென்டிலேட்டரில் கொண்டுபோய் விடக்கூடும். "வேண்டாம்" என்பதை நீங்கள் சொன்னால் குடும்பச் சண்டையாகும். அடுத்த பரிசோதனைக்குச் செல்லும்போது அவரையும் அழைத்துச் சென்று மருத்துவர் வாயாலேயே கேட்க வையுங்கள்.

உங்கள் தூக்கமும் இதில் ஒரு மருந்துதான். இரவு 9 முதல் 2 வரை கணவர், பிறகு நீங்கள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். அவர் முறையில் ஒரு வேளைக்குப் பீய்ச்சிய பால் போதும். ஆக்ஸிமீட்டரைச் சொன்ன நேரங்களிலும் சந்தேகம் வரும்போதும் பாருங்கள். விடிய விடிய அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

தூளி கேட்டிருந்தீர்கள். துணி இருபுறமும் மூடிக்கொள்வதால் முகத்தின் நிறம் தெரியாது, கழுத்தும் மடங்கும். இப்போதைக்கு உங்கள் கட்டிலுக்கு அருகே, சமமான படுக்கையில், மல்லாந்து, வெளிச்சம் முகத்தில் படும்படி படுக்க வையுங்கள்.