விமானம் எதை எடுக்கிறது? (கடிதம்)

அன்புள்ள ஐயா,

சேலம் அம்மாபேட்டையில் சாயங்காலம் டியூஷன் எடுக்கிறேன். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், "டேக்னா எடு. அப்போ விமானம் டேக் ஆஃப் ஆகுறப்ப எதை எடுக்குது, மிஸ்?" என்று கேட்டான். 'டேக்' வரும் தொடர்களின் பட்டியலைக் கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொல்லிவிட்டேன். இந்தச் சொல்லுக்கு வேர் என்ன?

அன்புள்ள டீச்சர்,

அருமையான கேள்வி கேட்டிருக்கிறான். பட்டியலைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

'டேக்' ஆதியில் ஆங்கிலச் சொல்லே இல்லை. எடுப்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் 'நிமன்' என்ற வினை இருந்தது; ஜெர்மனில் அதன் உறவு 'நேமன்' இன்றும் புழங்குகிறது. 9ஆம் நூற்றாண்டில் ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகள் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறினார்கள். அவர்களோடு வந்த 'டாகா' என்ற சொல் மெல்ல மெல்ல நிமனைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொண்டது. நிமன் முழுக்கச் செத்துவிடவில்லை. மரத்துப்போன கையை ஆங்கிலத்தில் 'நம்' (numb) என்கிறோமே, அது நிமனின் எச்சம்தான்: உணர்ச்சி 'எடுக்கப்பட்ட' கை. இதை முதலில் படித்தபோது எனக்கு அத்தனை சந்தோஷம்.

டேக், டுக், டேக்கன் என்று பிள்ளைகள் தடுமாறுகிறார்களே, அந்த உயிரெழுத்து மாற்றமும் டாகாவோடு கூடவே வந்ததுதான்.

சரி, விமானம்? மனிதனோ குதிரையோ தரையை விட்டு எம்பித் தாவுவதை 19ஆம் நூற்றாண்டில் 'டேக் ஆஃப்' என்றார்கள். விமானம் வந்ததும் அதற்கும் அதுவே பொருந்தியது. பையனுக்கு இது போதாது என்றால் நம்ம பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போங்கள். "ஏற்காடு வண்டி எப்போ எடுப்பீங்க?" என்று கண்டக்டரிடம் கேட்கிறோம். அங்கே யாரும் எதையும் கையில் எடுப்பதில்லை, வண்டி கிளம்புகிறது. 20 கொண்டை ஊசி வளைவுகளில் சிலர் வாந்தி எடுக்கிறார்கள். மேலே போய் இறங்கினால் பசி எடுக்கிறது. நீங்களே டியூஷன் 'எடுக்கிறீர்கள்'. தமிழில் இத்தனையையும் யாரும் அவனுக்குப் பட்டியல் போட்டுத் தரவில்லை. கேட்டுக் கேட்டே பிடித்துக்கொண்டான்.

ஆங்கிலத்தையும் அப்படியே கொடுங்கள். வாரத்துக்கு இரண்டே பயன்பாடு, ஒவ்வொன்றும் முழு வாக்கியத்தில், அவனுக்குத் தெரிந்த ஊர்க் காரியத்தை வைத்து. 'டேக் ஆஃப்'பிலேயே தொடங்கலாம்: விமானத்துக்கு ஒரு வாக்கியம், செருப்பைக் கழற்றுவதற்கு ஒரு வாக்கியம்.