கேபினெட் ஒரு அறையில், மானிட்டர் இன்னொரு அறையில்: கேள்வி பதில்

சத்தமும் சூடும் வேண்டாம் என்று கம்ப்யூட்டர் கேபினெட்டைத் தள்ளி வைத்துவிட்டு, மேஜையில் மானிட்டர், கீபோர்டு, மவுஸ் மட்டும் வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்காக. கேளுங்கள்.

கே: தூரம் 12 மீட்டர், மானிட்டர் 4கே 60 ஹெர்ட்ஸ். சாதாரண எச்டிஎம்ஐ கேபிள் போதுமா?

போதாது. அந்தப் படத்துக்கு எச்டிஎம்ஐ 2.0 தரும் செகண்டுக்கு 18 ஜிகாபிட் வழி கிட்டத்தட்ட முழுதாகவே தேவைப்படும். செம்புக் கேபிளில் 5 மீட்டரைத் தாண்டினாலே திரை கறுத்துக் கறுத்து வரலாம், புள்ளிகள் மினுக்கலாம். ஆப்டிகல் எச்டிஎம்ஐ, அதாவது செம்புக்குப் பதில் கண்ணாடி இழையில் ஒளியாக அனுப்பும் கேபிள் வாங்குங்கள். அதற்குத் திசை உண்டு: சோர்ஸ் என்று எழுதிய முனை கம்ப்யூட்டருக்கு, டிஸ்ப்ளே என்பது மானிட்டருக்கு. மாற்றிச் செருகினால் படமே வராது, சுவருக்குள் இழுத்து முடித்த பிறகுதான் பலருக்கு இது தெரியவருகிறது. முதலில் தரையில் விரித்துப் போட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். அப்புறம், கேபிளைச் சுவரில் நேரடியாகப் புதைக்காதீர்கள், பைப் போடுங்கள். எச்டிஎம்ஐ தலையே கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர் அகலம், வளைவில் அது திரும்ப இடம் வேண்டும். பின்னால் வேறு கேபிள் இழுக்க உள்ளே ஒரு நைலான் கயிறையும் விட்டுவையுங்கள்.

கே: டிஸ்ப்ளேபோர்ட் என்றால்?

அதுவும் மானிட்டருக்குப் படம் கொண்டுபோகும் இன்னொரு வகை இணைப்பு. அதே கதை, இன்னும் குறைந்த தூரத்திலேயே தகராறு. ஆப்டிகல்தான்.

கே: படம் வந்துவிட்டது. கீபோர்டு, மவுஸ், வெப்கேம்?

முதலில் கேட்க வேண்டியதை எல்லோரும் கடைசியில்தான் கேட்கிறீர்கள். யூஎஸ்பி 2.0 கேபிளுக்கு 5 மீட்டர் எல்லை, 3.0 என்றால் நடைமுறையில் 3 மீட்டர். அதற்கு மேல் இரண்டு வழி: உள்ளேயே சிப் வைத்த ஆக்டிவ் கேபிள், அல்லது இரண்டு முனையிலும் ஒரு சின்னப் பெட்டி வைத்து, நடுவே கேட்6 என்ற நெட்வொர்க் வயரில் ஓடும் எக்ஸ்டெண்டர். எக்ஸ்டெண்டர்களில் நிறைய யூஎஸ்பி 2.0 வேகம்தான். கீபோர்டுக்கும் மவுஸுக்கும் அது தாராளம். வெப்கேமும் ஆடியோ பெட்டியும் வேறு ரகம்: விட்டுப்போன தகவலை மறுபடி அனுப்பச் சொல்லும் வசதி அந்த வகைப் பரிமாற்றத்தில் கிடையாது, அதனால் லைன் சற்றுத் தடுமாறினாலும் படம் உறையும், சத்தம் வெடிக்கும். இவை முக்கியம் என்றால் ஆப்டிகல் யூஎஸ்பி 3 பாருங்கள். எதை வாங்கினாலும் மேஜைப் பக்கம் தனி பவர் அடாப்டர் உள்ள ஹப் (ஒரு யூஎஸ்பியைப் பலவாகப் பிரிக்கும் பெட்டி) வையுங்கள்.

கே: அந்த கேட்6 வயரை ரவுட்டர் வழியாகக் கொண்டு போகலாமா?

பெரும்பாலும் முடியாது. வயர்தான் நெட்வொர்க் வயர், உள்ளே ஓடுவது நெட்வொர்க் அல்ல. பெட்டிக்குப் பெட்டி நேராக இழுங்கள்.

கே: எதற்கு இத்தனை கேபிள்? சன்ஷைன், மூன்லைட் என்ற சாஃப்ட்வேர்களைப் போட்டு நெட்வொர்க்கிலேயே படத்தை அனுப்பிவிடலாமே. நான் கேமே ஆடுகிறேன்.

ஆடுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் 4கே 60 சுருக்காமல் அனுப்பினால் செகண்டுக்குச் சுமார் 12 ஜிகாபிட், உங்கள் லைன் 1 ஜிகாபிட். சுருக்கித்தான் ஆக வேண்டும். சுருக்கும்போது வழக்கமாக நிறத் தகவலைக் கால்வாசியாக்கிவிடுவார்கள். கேமில் கண்ணுக்குத் தெரியாது, கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்தாகக் கோட் எழுதுபவருக்கு உடனே தெரியும். அதோடு படத்தை வாங்கிக் காட்ட மேஜையில் இன்னொரு கம்ப்யூட்டரோ அது போன்ற கருவியோ வேண்டும், ஆன் செய்ததும் முதலில் வரும் பயாஸ் செட்டிங் திரையும் வராது.

கே: (அவரே) இப்போது நிறத் தகவலைக் குறைக்காமல் அனுப்பும் 4:4:4 வந்துவிட்டது. உங்கள் ஆப்டிகல் கேபிளிலும்தான் தாமதம் உண்டு.

4:4:4 வந்தது உண்மை, இரண்டு பக்க ஹார்டுவேரும் அதைத் தாங்கினால் நிறப் புகாரை வாபஸ் வாங்குகிறேன். தாமதக் கணக்கு மட்டும் தப்பு. கண்ணாடி இழையில் ஒளி ஒரு மீட்டர் போக சுமார் 5 நானோ செகண்ட். 20 மீட்டருக்கு 100. 60 ஹெர்ட்ஸில் ஒரு ஃப்ரேமே 16.7 மில்லி செகண்ட், அதாவது ஒரு லட்சத்து அறுபதாயிரம் மடங்குக்கும் மேல். சுருக்கி விரிப்பது மில்லி செகண்ட் கணக்கு. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். வீட்டுக்கு வெளியே இருந்து வேலை பார்க்க உங்கள் வழிதான் சரி, பக்கத்து அறைக்குக் கேபிள்தான்.

கே: 15 மீட்டருக்கு எச்டிஎம்ஐ...

முதல் பதில்.

கே: நாளைக்குப் பூச்சு வேலை. பைப் வாங்க நேரமில்லை, கேபிளை அப்படியே...

வேண்டாம். சுவரோரம் கேசிங் ஒட்டி அதில் விடுங்கள்.

கே: மூடிய அலமாரிக்குள் வைக்கலாமா?

500 வாட் இழுக்கும் கம்ப்யூட்டர், அறையைப் பொறுத்தவரை 500 வாட் ஹீட்டர். காற்று உள்ளே வரவும் வெளியே போகவும் வழி இருந்தால் வையுங்கள்.

கே: எந்த பிராண்ட்?

சொல்ல மாட்டேன். திருப்பிக் கொடுக்க வசதி உள்ள இடத்தில் வாங்குங்கள்.

கே: ஆன் செய்ய ஒவ்வொரு தடவையும் அடுத்த அறைக்குப் போக வேண்டுமா?

வேண்டாம். மதர்போர்டில் பவர் சுவிட்சுக்கான இரண்டு பின்களிலிருந்து மெல்லிய வயர் இழுத்து, மேஜையில் ஒரு புஷ் பட்டன் வைத்தால் போதும். அழுத்தி விட்டதும் திரும்பிவிடும் பட்டனாக இருக்கட்டும், லைட் சுவிட்ச் போல நிற்பது கூடாது, நான்கைந்து செகண்டில் கம்ப்யூட்டர் அணைந்துவிடும். கீபோர்டால் எழுப்பும் வசதி பயாஸில் இருக்கும், எக்ஸ்டெண்டர் வழியாக அது வேலை செய்யும் என்று நம்பி இருக்காதீர்கள். இந்த வயரையும் வீட்டு கரண்ட் வயரையும் ஒரே பைப்பில் விடாதீர்கள்.